நாலு மூட்டை அரிசியும் ஒரு ஜோடி ஷாக்கும்

ஓடுகிற கார் ஒரு குழியில் விழுந்து எழுந்தால், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் ஒரே ஆளைத்தான் முறைப்பார்கள். ரோடு போட்டவனை இல்லை, போட்ட ரோட்டைத் தோண்டிவிட்டுப் போனவனை இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அப்பாவியை. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் அந்த அப்பாவி நான். லைசென்ஸ் இருந்தது, டிகிரி இருந்தது, வேலை இல்லை. (சம்பளமில்லாத டிரைவர் ஆக இதைவிடத் தகுதி வேண்டுமா என்ன?)

அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மிளகு மண்டியில் எடை பார்க்கிறவர். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழையதை அப்பாவுக்குச் சகாய விலையில் கொடுத்துவிட்டார். கம்பெனி பெயரெல்லாம் வேண்டாம். அந்தக் கார் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் அது வாழ்ந்த வாழ்க்கையில்தான். முதலாளி அதில் மனிதர்களை ஏற்றியதைவிட மிளகு மூட்டைகளை ஏற்றியதுதான் அதிகம். பாரம் தாங்கட்டும் என்று பின்பக்கத்துப் பட்டை ஸ்ப்ரிங்கில் கூடுதலாக ஒரு பட்டையும் போட்டு வைத்திருந்தார். மூட்டை இல்லாத நேரத்தில் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, பந்தியில் குனிந்து பரிமாறுகிற ஆள் மாதிரி நிற்கும். ஏறி உட்கார்ந்தவர்கள் முதலில் தும்முவார்கள். பிறகுதான் குசலம் விசாரிப்பார்கள்.

தும்மலைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். குதிப்பதைத்தான் சகிக்க முடியாது. வண்டி குழியில் இறங்கினால் ஸ்ப்ரிங் தூக்கிப் போடும். ஷாக் அப்சார்பர் அதைப் பிடித்து, 'போதும், அடங்கு' என்று நிறுத்த வேண்டும். எங்கள் வண்டியில் தூக்கிப் போடுகிறவர் இரட்டைப் பலத்தோடு இருந்தார். பிடித்து நிறுத்துகிறவர்கள் இரண்டு பேரும் செத்துப்போய் வெகு நாளாகியிருந்தது. தோப்பும்படியில் ஒரு குழியில் இறங்கினால் அடுத்த பஸ் ஸ்டாப் வரைக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போகும்.

செல்வி அக்கா கல்யாணத்தன்று அவளுடைய மாமியார் கோமதி அத்தையை அந்தக் காரில்தான் சுள்ளிக்கல்லில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். நடந்தே போய்விடுகிற தூரம்தான். ஆனால் அதற்குள் அத்தையின் தலை மேற்கூரையில் பலமுறை இடித்து, கொண்டையில் வைத்திருந்த பூ அப்பளம் ஆகிவிட்டது. இறங்கும்போது அத்தை பூவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சொல்ல வேண்டியதை அக்காவுக்கு ஏழாம் மாதம் ஆனபோது சொன்னார். வளைகாப்பு சுள்ளிக்கல்லில், அது முடிந்த கையோடு அக்காவைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. மச்சான் கல்ஃபில். அதனால் அங்கே தீர்ப்பு எல்லாம் அத்தைதான். அம்மாவுக்குப் போன் வந்தது.

"சம்பந்தி, நான் குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. அந்த வண்டியில ஏத்தி அனுப்பினா பிள்ளை பாதி வழியிலயே பொறந்துரும். ஷாக்க மாத்திட்டு வாங்க, அனுப்பறேன். இல்லையா, பிரசவம் இங்கயே நடக்கட்டும். எனக்கென்ன கை இல்லையா, கால் இல்லையா?"

"டாக்ஸி பிடிச்சுக்கலாமேம்மா" என்றேன்.

"சொந்த வண்டி வாசல்ல நிக்கறப்ப வாடகை வண்டியா? அந்தம்மா சுள்ளிக்கல் பூரா சொல்லும்டா. பொண்ணைக் கூட்டிட்டு வரக்கூட வக்கில்லேன்னு" என்றார் அம்மா. வக்கு இல்லாத அந்தப் பொறுப்பு அப்படியே என் தலையில் வந்து இறங்கியது.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"டேய் ரவி, எப்படியாவது வந்து கூட்டிட்டுப் போயிருடா. அத்தை நல்லாத்தான் பார்த்துக்கறாங்க. ஆனா வலி வரப்ப எனக்கு அம்மா பக்கத்துல வேணும்டா."

செல்வி அக்கா பிறந்ததிலிருந்து என்னிடம் எதையும் கேட்டதில்லை. உத்தரவு போட்டுத்தான் பழக்கம். கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே எறணாகுளம் போய் ஒரு ஜோடி புது ஷாக் வாங்கி வந்துவிட்டேன்.

மாட்டுவதற்கு சுகுணன் சேட்டன் இருந்தார். பஜார் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தின் முனையில் அவருடைய ஒர்க்‌ஷாப். நல்ல மெக்கானிக். ஒரே குறை, அவருக்கு எல்லா வேலையும் நாளைக்குத்தான். நாளை நாளை என்று அந்த வாரம் முழுக்க ஓட்டினார். கடைசியில் வளைகாப்புக்கு முந்தின நாள் சத்தியம் செய்து வரச் சொன்னார். அன்றைக்கு ஹர்த்தால். (எதற்கு ஹர்த்தால் என்று அன்றைக்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு கடை திறக்கவில்லை. அந்த ஒற்றுமையை நாம் பாராட்டத்தான் வேண்டும்.)

ஆக, வளைகாப்பு நாள் காலையில்தான் வண்டி ஜாக்கியில் ஏறியது. வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகுகாலம். அதற்குள் அக்கா சுள்ளிக்கல் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்ப மாட்டார்கள். சனிக்கிழமை வேண்டாம் என்பார்கள். அதற்கு அப்புறம் அத்தைக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும். அம்மாவும் அப்பாவும் வளையல் தாம்பாளத்தோடு ஆட்டோவில் முன்னாலேயே போய்விட்டார்கள். போகும்போது அம்மா, "நேரத்துக்கு வந்துருடா" என்று மட்டும் சொன்னார். அந்தத் தொனியில் ஒரு மிரட்டலும் ஒரு கெஞ்சலும் சேர்ந்து இருந்தன.

பழைய ஷாக் இரண்டும் சுலபமாகக் கழன்று வந்தன. சுகுணன் சேட்டன் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். அது தானாகவே தொங்கி நீண்டது. "பாவம், எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கு" என்று அதை மரியாதையாக ஓரமாகப் படுக்க வைத்தார். புதியதை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். மேல் போல்ட் மாட்டியாயிற்று. கீழ் போல்ட்டுக்கு வந்தபோது சத்தம் நின்றது.

"மோனே, எட்டல. ரெண்டு விரல் குறையுது."

"தப்பான ஷாக் கொடுத்துட்டாங்களா சேட்டா?"

"ஷாக்கு கரெக்ட்டு. உன் வண்டிதான் பின்னாடி தூக்கி நிக்குது. அந்த எக்ஸ்ட்ரா பட்டை இருக்கே, அது வேலை. அதக் கழட்டணும்னா முழுசா ஒரு திவசம் வேணும், ஒரு பகல் பூரா."

"ஒன்றரைக்கு ராகுகாலம் சேட்டா!"

"அப்ப பின்பக்கத்தைத் தாழ்த்தணும். நல்ல வெயிட் ஏத்தினா போதும், தானா எட்டிரும்."

வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி நானும் அவரும் டிக்கியில் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். போதவில்லை. அதுவும் போக, அவர் மேலே உட்கார்ந்திருந்தால் கீழே போல்ட்டை யார் மாட்டுவது? இந்தக் கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றி, பேசாமல் இறங்கிக்கொண்டோம்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்கிற நாட்களில் எல்லாம் வீட்டுக்கு ஏதாவது சேதாரம் உண்டு.) எதிரே அரிசிக் கடை. கடை நிறைய மூட்டை. கடைக்காரர் திருநெல்வேலி அண்ணாச்சி, அப்பாவுக்குப் பழக்கம்.

"அண்ணாச்சி, நாலு மூட்டை அரிசி கொடுங்க. கொஞ்ச நேரத்துல திருப்பி வெச்சிடறேன்."

"எடுத்துக்கோ தம்பி. யூனியன்ல ஒரு வார்த்த சொல்லிட்டியா?"

"விக்கல, வாங்கல. இதுக்கு எதுக்கு அண்ணாச்சி யூனியன்?"

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பலிக்குப் போகிற ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவன் பார்க்கிற பார்வை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மூட்டை தரையை விட்டு எழுந்தால், அதைத் தூக்கும் உரிமை அந்த இடத்துச் சுமைத் தொழிலாளர் யூனியனுக்கு. நீங்களே உங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டாலும், அவர்கள் நின்று பார்த்ததற்குக் கூலி கொடுக்க வேண்டும். அதற்கு நோக்குகூலி என்றே பெயர். இது எனக்கு அ, ஆ கற்பதற்கு முன்னாலேயே தெரியும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். தெரிந்தும் ஏன் அப்படிச் செய்தேன் என்றால், டிகிரி. டிகிரி வாங்கிய புதிதில் மனிதனுக்கு எல்லாச் சட்டத்திலும் ஒரு ஓட்டை தெரியும்.

நானும் சுகுணன் சேட்டனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, இழுத்து, உருட்டி, நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, இரண்டு மூட்டையை டிக்கியில் சேர்ப்பதற்குள் என் வேட்டி இரண்டு தடவை அவிழ்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் மம்மது இக்கா நின்றுகொண்டிருக்கிறார். பஜார் பக்கத்து யூனியனின் தலைவர். நீலச் சட்டை, தலையில் சுற்றிய தோர்த்துத் துண்டு, கையில் சாயா கிளாஸ். முதல் மூட்டையிலிருந்தே சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரசித்திருக்கிறார்.

"என்ன ரவி, அரி வியாபாரம் தொடங்கியாச்சோ? அப்பா சொல்லவே இல்லையே."

"இது லோடு இல்ல இக்கா. வெறும் வெயிட்டு."

"மூட்டைதானே?"

"மூட்டைதான். ஆனா லோடு இல்ல."

"கடையிலேர்ந்து வண்டிக்கு வந்ததா?"

"வந்தது."

"தானா நடந்து வந்ததா?"

சாயாக்கடையில் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. (ரோஷம் வந்தால் நான் இன்னும் தெளிவாக வாதாடுவதாக அந்த வயதில் ஒரு நம்பிக்கை.)

"இக்கா, வண்டி எங்கேயாவது போனாத்தானே அது லோடு? இது நின்ன எடத்துலயே நிக்குது."

"குடோன்ல மூட்டை அடுக்கறோம். குடோன் எங்கேடா போகுது?"

அப்போதே ஏதாவது கொடுத்து முடித்திருக்கலாம். அவர் ஒன்றும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் நான், "பார்த்துக்கிட்டு நின்னதுக்குக் கூலியா? இது என்ன நியாயம்?" என்று ஒரு போடு போட்டேன்.

இக்காவுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் ஆபத்து.

"சரிடா மோனே. நீ படிச்சவன். நோக்குகூலி வேண்டாம். வேலை செஞ்சே வாங்கிக்கறேன்." திரும்பி ஒரு விசில் அடித்தார். நாலு பேர் வந்தார்கள். நாங்கள் உயிரைக் கொடுத்து ஏற்றிய இரண்டு மூட்டையையும் இறக்கி, அண்ணாச்சி கடையில் கொண்டுபோய் முறைப்படி தரையில் வைத்தார்கள். பிறகு அதே மூட்டைகளை முறைப்படி தூக்கி, கூட இன்னும் இரண்டைச் சேர்த்து, திரும்பக் கொண்டுவந்து ஏற்றினார்கள். டிக்கியில் இரண்டு, பின் சீட்டில் இரண்டு. ஒரு பீடி புகைந்து முடிகிற நேரம்தான்.

ஆனால் பலன் கிடைத்தது. வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டபடி தாழ்ந்தது. சுகுணன் சேட்டன் அடியிலிருந்தே, "எட்டியாச்சு!" என்று கத்தினார். இரண்டு பக்கமும் போல்ட் ஏறியது. வெளியே வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்து, சந்துக்குள் கொஞ்ச தூரம் முன்னால் உருட்டி, சத்தம் ஏதும் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தார். "ஏ கிளாஸ்" என்றார். சாயா குடிக்கப் போய்விட்டார்.

இனி மூட்டையை இறக்கினால் கிளம்ப வேண்டியதுதான். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. இக்காவின் ஆட்கள் டிக்கியைத் திறந்து குனிந்தார்கள். அப்போது டிக்கி மூடியின் மேல் இன்னொரு கை வந்து விழுந்தது.

"மம்மதே, கானையைப் பார்த்தியா நீ?"

வர்க்கி சேட்டன். சந்துக்குள் இருக்கிற யூனியனின் தலைவர். கானை என்றால் எங்கள் ஊரில் சாக்கடை. சந்தின் குறுக்கே ஸ்லாப் போட்டு மூடிய ஒரு கானை ஓடுகிறது. அதற்கு வெளியே பஜார், இக்காவின் எல்லை. உள்ளே சந்து, வர்க்கி சேட்டனின் எல்லை. ஏற்றும்போது வண்டியின் டிக்கி கானைக்கு வெளியே இருந்தது. சுகுணன் சேட்டன் உருட்டியதில் முழு வண்டியும் கானையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. சத்தம் வருகிறதா என்று பார்த்த மனுஷன், எல்லையைப் பார்க்கவில்லை.

"ஏத்தினது நாங்க வர்க்கி. இறக்கறதும் நாங்கதான்" என்றார் இக்கா.

"ஏத்தினது உன் எடத்துல. இறக்கறது எங்க எடத்துல. எந்த ஊர்லயும் அதான் முறை" என்றார் வர்க்கி சேட்டன்.

"நான் வேணா வண்டியை ரிவர்ஸ் எடுத்துடறேன் சேட்டா" என்றேன்.

வர்க்கி சேட்டன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்க எல்லைக்கு வந்த லோடு திரும்பிப் போனா, அது இங்கேருந்து போற புது லோடு. அப்ப இறக்கி ஏத்தணும். அதுவும் நாங்கதான்."

"சரி, ரெண்டு பேருக்கும் நான் கூலி கொடுத்துடறேன்."

"காசா பிரச்சினை?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அன்று காலையில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"அப்ப நானே இறக்கிக்கறேன்" என்றேன். அதற்கு இரண்டு தரப்பு ஆட்களும் டிக்கியை இன்னும் நெருங்கி நின்றார்கள்.

இதைத் தீர்த்துவைக்கக்கூடிய ஒரே ஆள், இரண்டு யூனியனுக்கும் மேலே இருக்கிற பெரியவர், எறணாகுளத்துக்குப் படகில் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். அதுவரைக்கும் மூட்டை அங்கேயே இருக்கட்டும், வண்டியும் இருக்கட்டும், சாயா குடி மோனே என்றார்கள். இக்காவே எனக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தார். வர்க்கி சேட்டன் ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். எதிரிகளே கிடையாது. எல்லோரும் என்னிடம் அவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள். நான்தான் இடத்தைவிட்டு நகர முடியாமல் கானை ஸ்லாப் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

மணி பன்னிரண்டரை தாண்டியது. அக்கா கை நிறைய வளையலோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டம், நியாயம் எல்லாம் போய், "இக்கா, அக்காவுக்கு ஏழாம் மாசம். ஒன்றரைக்குள்ள நான் போய்க் கூட்டிட்டு வரலேன்னா அவங்க அனுப்பவே மாட்டாங்க. அவ அம்மா வேணும்னு அழறா" என்று கத்தினேன். பாதியில் குரல் உடைந்து கிரீச்சென்றது.

சாயாக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"செல்வியா?" என்றார் இக்கா. "நம்ம எடைக்கார அண்ணன் மகளா? எடா கழுதை, இத முதல்லயே சொல்ல மாட்டியா நீ! குடோன் போகுமா போகாதான்னு என்கிட்ட தர்க்கம் பண்ணிட்டிருந்தே!"

"போ போ போ" என்று வர்க்கி சேட்டன் என்னைப் பிடித்துத் தூக்கினார்.

"மூட்டை?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனிதாபிமானம் வேறு, எல்லை வேறு.

"மூட்டை வண்டியிலயே இருக்கட்டும். போய்ட்டு வா. வழியில எங்கேயும் இறக்கப்படாது."

"அவன் இறக்க மாட்டான். சுள்ளிக்கல்ல அங்கத்து யூனியன்காரன் இறக்கிட்டா?" என்றார் இக்கா. "நான் கூடப் போறேன்."

"நீ போனா நானும் போவேன்" என்றார் வர்க்கி சேட்டன்.

இப்படியாக, என் அக்காவை அழைத்துவர நான் புறப்பட்டேன். டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி, பின் சீட்டில் இரண்டு மூட்டை அரிசி, அதை ஒட்டி நசுங்கிக்கொண்டு வர்க்கி சேட்டன், முன் சீட்டில் மம்மது இக்கா. அக்காவை எங்கே உட்கார வைப்பது என்ற யோசனை எனக்குத் தோப்பும்படி ரோட்டில் திரும்பும்போதுதான் வந்தது. திரும்பிப் போக நேரமில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கார் அதன் வாழ்நாளில் அப்படிப் போனதில்லை. குழியில் இறங்கியது, ஏறியது, முடிந்தது. கும்பிடு இல்லை, குதியல் இல்லை. வேண்டுமென்றே ஒரு பெரிய குழியாகப் பார்த்து இறக்கினேன். வர்க்கி சேட்டன் கையிலிருந்த சிகரெட்டின் சாம்பல்கூட விழவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புது ஷாக்! நான் வாங்கிய ஷாக்!

சுள்ளிக்கல்லில் கோமதி அத்தை வாசலில் நின்றிருந்தார். காரிலிருந்து தோர்த்துக் கட்டிய இரண்டு ஆட்கள் இறங்கியதைப் பார்த்ததும் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அப்பா, என்னைத் தெரியாத மாதிரி தாம்பாளத்தில் வெற்றிலையை எண்ண ஆரம்பித்தார்.

"யாருப்பா இவங்க?" என்றார் அத்தை.

"மூட்டைக்குத் துணையா வந்திருக்காங்க அத்தை."

"பொண்ணைக் கூட்டிட்டுப் போக மூட்டையோட வந்திருக்கே. ஏன், என் மருமகளை ஏத்தி இறக்கறதுக்கும் இவங்க கூலி கேப்பாங்களா?"

"இல்லம்மா" என்றார் இக்கா ரொம்பப் பணிவாக. "கேட்டா ரெண்டு பேருக்குக் கேக்கணும். உள்ளே ஒண்ணு இருக்கே."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்ததற்காக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். "முதல்ல நான் உக்காந்து பார்க்கறேன். அப்புறம்தான் அவ" என்று முன் சீட்டில் ஏறினார். ஒரு கையால் கொண்டையைப் பிடித்துக்கொண்டார். தெருமுனை வரை போய்த் திரும்பினேன். அந்தத் தெருவில் குழி இல்லாத இடம் என்று சொன்னால் அது மாடி வீட்டுத் திண்ணை மட்டும்தான். அத்தையின் தலை கூரையைத் தொடவே இல்லை. பாதி வழியில் கொண்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தக் கை இறங்கியபோது நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு" என்றார், வாசலில் இறங்கும்போது.

"புது ஷாக் அத்தை. எறணாகுளத்துல போய்—"

"ஷாக்கா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. மூட்டை வெச்சிருக்கே பாரு, அதான். நல்ல யோசனைடா. பொண்ணு வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு மூட்டையையும் எடுக்கப்படாது."

"எடுக்க மாட்டோம்மா" என்றார்கள் இக்காவும் வர்க்கி சேட்டனும். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம்.

ராகுகாலத்துக்குச் சற்று முன்னால் கிளம்பினோம். முன் சீட்டில் அக்கா. பின்னால் இரண்டு மூட்டைக்கும் இரு பக்கமாக இரண்டு தலைவர்கள். பெற்ற அம்மாவும் அப்பாவும் ஆட்டோவில் பின்தொடர்ந்தார்கள். வழியெல்லாம் இக்கா ஒரு பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டி, "மெதுவாப் போடா, வயித்துப் பிள்ளைக்காரி வண்டியில இருக்கா!" என்று பஸ்காரர்களை விரட்டினார். அவர் ஒன்று சொன்னால் வர்க்கி சேட்டன் மறுபக்கத்தில் இரண்டு சொன்னார். ஒரு லாரிக்காரன் பயந்துபோய் ரோட்டைவிட்டே இறங்கி நின்றான். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வளையலெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். காலையில் அழுது வீங்கிய முகம் அது. "டேய், இப்படி ஒரு ஊர்வலம் யாருக்குடா கிடைக்கும்!" என்றாள்.

எங்கள் தெருவில் நிறுத்தினதும் இன்னும் மூன்று நீலச் சட்டைகள் நடந்து வந்தன. அது மூன்றாவது யூனியனின் எல்லை. நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"என்ன லோடு?" என்றார்கள்.

"லோடு இல்ல" என்றார் மம்மது இக்கா.

"வெறும் வெயிட்டு" என்றார் வர்க்கி சேட்டன்.

இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மூட்டையாக, யாரிடமும் ஒரு காசு வாங்காமல், தாங்களே தோளில் தூக்கி எங்கள் வீட்டு வராந்தாவில் இறக்கினார்கள். அம்மா கொடுத்த வளைகாப்புச் சாதத்தை இலையில் வைத்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புளிசாதம் இக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாலு மூட்டையும் அண்ணாச்சி கடைக்குத் திரும்பவே இல்லை. மறுபடி ஏற்றி இறக்குவதை நினைத்ததுமே அப்பா எழுந்துபோய் அவரிடம் முழு விலையையும் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் சாப்பாடும் அரிசி, டிபனும் அரிசி.

மீனு பிறந்தபோது அக்கா கேட்ட மாதிரியே அம்மா பக்கத்தில் இருந்தார். பேத்தியைப் பார்க்க அத்தை வாரம் தவறாமல் வந்தார். கூட்டிவரப் போகும் டிரைவர் நான்தான். மூட்டை இல்லாத வண்டி இப்போது குதிப்பதில்லைதான், ஆனால் தூக்கி நிற்கிற உடம்புக்கு அந்த ஷாக் எட்டாமல், ஒவ்வொரு குழியிலும் பின்னால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம். முதல் 'டொக்'கிலேயே அத்தை, "நிறுத்து. மூட்டை எங்கே?" என்றார். அதோடு முடிந்தது. அதற்கப்புறம் அத்தை ஏறுகிற எந்த வண்டியிலும் டிக்கியில் ஒரு மூட்டை இருந்தாக வேண்டும். அந்தக் காரை விற்று வேறு வாங்கினோம், அதிலும் மூட்டை. மச்சான் கல்ஃபிலிருந்து வந்து, தவணையில் ஒரு புத்தம் புது வண்டி எடுத்தார், அதிலும் மூட்டை. ஷாக் வாங்க எறணாகுளம் வரை அலைந்தவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது எதற்கும் அதுதான் வைத்தியம். பிள்ளைகள் வீட்டுக்குள் குதித்தால், "அவனுக்கு டிக்கியில ஒரு மூட்டை வை" என்பார்கள். மச்சான் கோபத்தில் எகிறினால் அக்கா அதையே சொல்வாள். என் கல்யாணத்தில் தாலி கட்ட நான் துள்ளி எழுந்ததைப் பார்த்துப் பந்தலில் யாரோ அதையே சத்தமாகச் சொன்னார்கள். பெண் வீட்டார், அது எங்கள் பக்கத்துச் சடங்கு என்று நினைத்து, மூட்டைக்கு ஆள் அனுப்பினார்கள்.

போன வருஷம் மீனு சொந்தச் சம்பளத்தில் கார் வாங்கினாள். முதல் சவாரிக்குக் கோமதி அத்தையை முன் சீட்டில் உட்கார வைத்தாள். இப்போதெல்லாம் வண்டிகள் எப்படி வருகின்றன, எந்தக் குழியில் இறங்கினாலும் ஏன் தெரியாது என்று தன் ஆச்சிக்கு விளக்கமாகச் சொன்னாள். அத்தை பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அதெல்லாம் சரி. மூட்டை வெச்சாச்சா?"

"ரவி மாமா பின்னாடி ஏறியாச்சு ஆச்சி" என்றாள் மீனு.

அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஆரம்பித்த பார்வை தொப்பையில் வந்து கொஞ்ச நேரம் நின்றது.

"அப்ப சரி, கிளப்பு" என்றார்.